பெங்களூர் செம்மண்ணில் வண்ணம் எடுப்பது: ஊறல், இறுத்தல், வறுப்பு

ஆனேக்கல், சர்ஜாபுரம், தேவனஹள்ளிப் பக்கம் ஓவியர்கள் தங்கி வேலை செய்யும் கிராமத்து வீடுகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரக் கணக்கில் வருகிறார்கள். அவசரம் புரிகிறது. முதல் நாளே ஒரு கூடை செம்மண்ணை அள்ளி, அம்மியில் போட்டு அரைத்து, பிசினில் குழைத்துக் காகிதத்தில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஈரத்தில் ஆழ்ந்த சிவப்பு. காய்ந்ததும் வெளிறிய செங்கல் தூள், விரல் பட்டாலே உதிர்கிறது. மண்ணில் குறை இல்லை. அரைத்ததுதான் தப்பு.

இந்தப் பக்கத்துச் செம்மண், நைஸ் (gneiss) என்ற வரியோடிய பாறையும் கருங்கல்லும் அழிந்து உண்டானது. பெங்களூர் லால்பாக் பூங்காவில் மேடாக நிற்கிறதே, அந்தப் பாறையின் வம்சம். பாறையிலிருந்த குவார்ட்ஸ் அழியாமல் மணலாக நின்றுவிட்டது. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிட்டது. கறுப்புக் காக்காப்பொன்னில் (மைக்கா) இருந்த இரும்பு துருவாகி அந்தக் களிமண் மேல் பூச்சாகப் படிந்தது. நமக்கு வேண்டிய நிறம் அந்தப் பூச்சு மட்டும்தான். மணலைச் சேர்த்து அரைத்தால் அது வெள்ளைத் தூளாகி நிறத்தோடு கலந்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. ஆகவே முதலில் ஊறல், அடுத்து பிரிப்பது, அரைப்பது கடைசியில்.

எந்த மண், எங்கிருந்து

மேல் ஓரடி மண் வேண்டாம். வேரும் மட்கும் கலந்திருக்கும். பிசினில் குழைத்து வைத்தால் நாலாம் நாள் பூஞ்சை பிடிக்கும். கிணறு வெட்டிய மண், வீட்டு அடித்தளத்துக்குத் தோண்டிக் கொட்டிய மண், சாலைக்காக மேட்டை அறுத்த இடம் ஆகியவை நல்லவை. நில உரிமையாளரைக் கேட்டு எடுக்க வேண்டும். பத்து கிலோ மண்ணுக்கு யாரும் இல்லை என்று சொல்வதில்லை, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். லால்பாக் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அங்கே கைவைக்கக் கூடாது.

பெங்களூரில் கட்டடக் குழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆழமான குழியின் சுவரைப் பார்த்தால் நிற வரிசை தானாகத் தெரியும். மேலே சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சளும் ஆரஞ்சும் திட்டுத்திட்டாக, இன்னும் கீழே பாறையின் வரி அப்படியே தெரிகிற வெளிறிய பொடிமண். மஞ்சளுக்குக் காரணம் கோதைட், சிவப்புக்குக் காரணம் ஹெமடைட். இரண்டும் இரும்புத் துருதான், கோதைட்டில் நீர் கட்டுண்டு கிடக்கிறது. சிவப்பு வலுவான நிறம் என்பதால் மஞ்சள் மண்ணில் கொஞ்சம் சிவப்பு கலந்தாலும் மஞ்சள் காணாமல் போய்விடும். மஞ்சள் மண்ணை எடுக்கும்போது மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு, திட்டின் நடுவிலிருந்து கொத்தி, தனிப் பையில் போடவும்.

ஊர்க்காரர்களிடம் கேட்கக் கன்னடச் சொற்கள் உதவும். செம்மண் அங்கே கெம்மண்ணு. பிசுபிசுப்பான களிமண் ஜேடி மண்ணு. செம்புறாங்கல் ஜம்பிட்டிகே. சிக்கமகளூர்ப் பக்கத்துக் கெம்மண்ணுகுண்டிக்குப் பெயரே செம்மண் குழி என்பதுதான். மண்ணின் நிறத்தை வைத்து இடத்தைச் சொல்வதில் அவர்கள் நம்மைவிடத் துல்லியம்.

எடுக்கக் கூடாத மண்ணும் உண்டு. பழைய நெடுஞ்சாலை ஓரத்து மேல்மண்ணில் ஈயம் தங்கியிருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது, ஆனால் மண்ணில் விழுந்த ஈயம் மழையில் கரைந்து போகிற பொருளல்ல. பெள்ளந்தூர், வரத்தூர் ஏரி வண்டல் வேண்டவே வேண்டாம். நுரை பொங்கித் தெருவுக்கு வந்த ஏரிகள் அவை. பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளைச் சுற்றியும் அப்படியே. வண்டல் தேவை என்றால் மேலே ஆலையோ குடியிருப்போ இல்லாத கிராமத்துக் குட்டையைப் பார்க்கவும்.

இடத்திலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்: மண்ணைத் தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் தேய்த்துக் கழுவுங்கள். ரேகையில் நிறம் தங்கினால் நல்ல மண். ஈர மண்ணைக் கட்டைவிரலால் நாடாவாகப் பிதுக்குங்கள். ஓர் அங்குலம் அறுபடாமல் வந்தால் களி போதும். ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, நிறம் வெளிறும், விட்டுவிடலாம்.

ஊறப்போடுதல்

மண்ணைக் கட்டியாகவே வெயிலில் இரண்டு நாள் முழுக்கக் காயவைக்கவும். ஈரக் கட்டி தண்ணீரில் கரையாது, நாள்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். எலும்பாகக் காய்ந்த கட்டியோ தண்ணீர் பட்டதும் உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ள, பொரிந்து உடையும். சத்தம்கூடக் கேட்கும். ஒரு கிலோ மண்ணுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். கிளறாமல் ஓர் இரவு விடவும். மறுநாள் கையுறை போட்டுப் பிசைந்து கரைக்கவும். கையால்தான். மிக்ஸியோ உரலோ இந்தக் கட்டத்தில் வந்தால் மேலே சொன்ன மணல் பிரச்சினை திரும்ப வரும்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினம். அதிலுள்ள கால்சியம் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாக்கிவிடும். கலக்கிய ஐந்தாவது நிமிடமே எல்லாம் அடியில் உட்கார்ந்து மேலே பளிச்சென்று தண்ணீர் நிற்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் மணலும் நிறமும் சேர்ந்தே இறங்கிவிட்டன, எதுவும் பிரியவில்லை. மழைத் தண்ணீர் இருந்தால் அதுவே உத்தமம். இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், அது போர்வெல்லைவிட மோசம். 

நல்ல தண்ணீரிலும் செம்மண் சில சமயம் திரளும், ஏனென்றால் புளிப்புத் தன்மையில் இரும்புத் துருவே களியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மருந்து சலவைச் சோடா: லிட்டருக்கு ஒரு கிராம், சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கவும். ஆப்பச் சோடா வேறு, இது வேறு. சரியாக வேலை செய்தால் பத்து நிமிடம் கழித்தும் மேல் தண்ணீர் தக்காளி ரசம் போல் கலங்கியே இருக்கும். அதுதான் அறிகுறி.

அரித்து இறுத்தல்

அரிசியில் கல் அரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்த வேலை. சேற்றை முதலில் சாதாரணக் கொசுவலையில் வடித்து வேர், சரளை நீக்கவும். பிறகு நேரத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். நீரில் துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் சுமார் 45 நொடியில் அடியைத் தொடும். 20 மைக்ரான் துகளுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 2 மைக்ரான் களிக்கு எட்டு மணி நேரம். எனவே வாளியில் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டுக்கொண்டு, அந்த அளவுக்கே ஊற்றுங்கள். ஆழம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கு.

நன்றாகக் கலக்கி ஒரு நிமிடம் விட்டு மேலே உள்ளதை, அடி கலங்காமல், இரண்டாம் வாளிக்கு இறுத்து ஊற்றவும். அடியில் நிற்பது மணல். அதில் தண்ணீர் ஊற்றி மறுபடி கலக்கி இறுத்து ஊற்றவும். மணல் கழுவிய தண்ணீர் தெளிவாகும்வரை, வழக்கமாக மூன்று நாலு தடவை. இரண்டாம் வாளியைக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டு மூன்றாம் வாளிக்கு இறுத்து ஊற்றவும். மூன்றாம் வாளியில் இருப்பதுதான் வண்ணம். இரண்டாம் வாளியின் அடி வண்டலைத் தூக்கிப் போட வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பான, வெளிறிய தரம் அது. சுவர்ப் பூச்சுக்கும் பெரிய கான்வாஸின் அடிப்பூச்சுக்கும் பிசினில் இதுதான் கெட்டியாகப் பிடிக்கும். மிக நைசானது காயும்போது வெடிக்கும்.

வாளியைச் சாய்க்கும்போது அடி கிளம்பாமல் இருக்க, மேஸ்திரிகள் லெவல் பார்க்கும் டியூபை சைஃபனாக வைத்து உறிஞ்சுவது நல்லது. டியூபின் நுனியை வண்டலுக்கு இரண்டு விரல் மேலே ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள்.

இந்தப் பக்கத்து மண்ணில் தீராத தொல்லை காக்காப்பொன். தட்டையான செதில் என்பதால் கணக்குப்படி இறங்காமல் மிதந்து மூன்றாம் வாளிவரை வந்துவிடும். பெரிய செதில்களை 200 மெஷ் சல்லடை பிடிக்கும், அது 75 மைக்ரான் கண். அல்லது சித்த மருந்துக்காரர்கள் வஸ்திரகாயம் செய்வது போல நெருக்கமான பாப்ளின் துணியில் ஈரமாகவே வடிக்கலாம். மிச்சம் மினுக்கும். பிசின் வண்ணத்தில் அந்த மினுக்கைச் சிலர் விரும்புகிறார்கள். எண்ணெயில் அநேகமாக மறைந்துவிடும்.

சலவைச் சோடா போட்ட வண்ணம் லேசில் படியாது, மூன்று நாள் ஆனாலும் கலங்கியே நிற்கும். அப்போது பயறளவு படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் படியும். படிந்ததும் மேல் தண்ணீரை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, படியவிட்டு எடுப்பதை மூன்று முறையாவது செய்யுங்கள். சோடாவும் படிகாரமும் உப்பாகத் தங்கினால் காய்ந்த ஓவியத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். பூத்ததைத் துடைக்கலாம், மறுபடி பூக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரியில் நாமக்கட்டி செய்வதும் இந்த அடிப்படைதான்: வெள்ளை மண்ணைக் கரைத்து, தெளியவைத்து, நைசான வண்டலை மட்டும் எடுத்துக் காயவைப்பது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை வேண்டுமென்றால் மண் தேடி அலையாமல் நல்ல நாமக்கட்டியை வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம். பிசினில் ஒளி ஊடுருவும், மூடும் சக்தி குறைவு. அதற்கேற்ற இடத்தில் பயன்படுத்தவும்.

காயவைத்தல்

பெங்களூரில் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் மெருகில்லாத மண் தட்டுகளும் பெரிய அகல்களும் கிடைக்கும். கூழை அவற்றில் ஒரு விரல் கனத்துக்கு ஊற்றி வைத்தால் தட்டே தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பிளாஸ்டர் பலகையில் நேராக ஊற்றினால் சுரண்டும்போது வெள்ளை கலக்கும், நடுவே துணி விரிக்கவும். வெயில் நேரடியாகப் படலாம். இரும்புத் துரு வெளிறாது. ஜூன் முதல் அக்டோபர்வரை பெங்களூர்த் தூறலில் ஐந்தாறு நாள் பிடிக்கும், பூசணமும் எட்டிப்பார்க்கும். மூன்று வாரத்தில் முடிக்க வேண்டியவர்கள் மண் எடுக்கும் வேலையை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிட வேண்டும்.

ஐந்து கிலோ மண்ணில் அரை கிலோ முதல் ஒரு கிலோ வண்ணம் தேறினால் நல்ல மண். நூறு கிராமே முழுத்தாள் படங்கள் பலவற்றுக்குக் காணும். மூட்டைகள் தேவையில்லை.

மஞ்சளை வறுத்துச் சிவப்பாக்குதல்

மஞ்சள் காவி கையில் இருந்தால் ஒரே மண்ணில் நாலு நிறம் எடுக்கலாம். கோதைட்டைச் சூடாக்கினால் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் கட்டுண்ட நீர் வெளியேறி ஹெமடைட்டாக மாறும். கேஸ் அடுப்பில் இரும்பு வாணலி போதும். காய்ந்த தூளை அரை அங்குலக் கனத்துக்கு மேல் போடாமல் கிளறிக்கொண்டே இருக்கவும். மஞ்சள் முதலில் மங்கும், பிறகு ஆரஞ்சு, பிறகு செங்காவி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி எடுத்துத் தனித்தனிக் காகிதத்தில் ஆறவைத்தால் படிப்படியான வரிசை கிடைக்கும். சூட்டில் எல்லாமே அடர்த்தியாகத் தெரியும். ஆறிய பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

ஈரம் மிச்சமிருந்தால் தெறிக்கும். எண்ணெய் பழகிய வாணலி வேண்டாம், புகை கரியாகப் படியும்.

குயவர் சூளையில் வைக்கக் கிடைத்தால் 600, 700 டிகிரியில் இன்னும் தெளிவான சிவப்பு வரும். சூளையின் சூடு குறைந்த ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். 900-ஐத் தாண்டினால் துகள்கள் பெரிதாகிச் சிவப்பு ஊதாப் பக்கம் மங்கும், கூடவே இருக்கும் களி சுட்ட ஓடாக இறுகி மறுபடி இடிக்க வைக்கும். பானையை மூடிவிடக் கூடாது. காற்றில்லாமல், மட்கோ கரியோ கலந்து சூடானால் இரும்பு ஆக்சிஜனை இழந்து கறுக்கும். திறந்த பானையில் அடிப்பகுதி மட்டும் பழுப்பாகவும் மேல் சிவப்பாகவும் வருவதும் இதனால்தான். கறுத்ததைக் காற்றாடத் திரும்ப வறுத்தால் பெரும்பாலும் சிவப்புக்கு வந்துவிடும்.

குட்டை வண்டலின் சாம்பல் கறுப்பை நம்பாதீர்கள். அது மட்கின் நிறம். வறுத்தால் பழுப்பாகவோ காவியாகவோ மாறிவிடும். சுண்ணாம்புச் சுவரில் பூசினாலோ காரத்தில் மட்கு கரைந்து பழுப்பாக ஊறும். நிலையான கறுப்புக்கு விளக்குக் கரிதான்.

அரைப்பதும் குழைப்பதும்

இப்போதுதான் அரைக்கும் வேலை. கொத்திய அம்மி ஆகாது. குழிகளில் முந்தைய நிறமும் போன வருஷத்து மிளகாயும் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கல்வம் (மருந்து அரைக்கும் சிறு கல்) சிறு அளவுக்கு நல்லது. தொடர்ந்து செய்பவர்கள் ஓரடிக்கு ஓரடி, 10 மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டி வாங்கி, 120 எண் கார்பரண்டம் என்ற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் போட்டு இன்னொரு கண்ணாடித் துண்டால் வட்டமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ளலாம். பெங்களூர் எஸ்.பி. ரோடு, அதைச் சுற்றிய தெருக்களில் கண்ணாடி, பொடி இரண்டும் கிடைக்கும். வழுவழுப்பான கண்ணாடியில் குழவி வழுக்கும், அரைபடாது.

எப்போதும் ஈரமாக அரைக்கவும். காய்ந்த தூளைக் கையாளும்போது என்-95 முகமூடி கட்டாயம். எவ்வளவு இறுத்தாலும் நுண்ணிய குவார்ட்ஸ் கொஞ்சம் இருக்கும், நுரையீரலில் படிந்தால் வெளியேறாது. மண்தானே, இயற்கைதானே என்ற தைரியம் கல்லுடைக்கும் தொழிலாளிகளின் நுரையீரல் நோயைப் பார்த்தால் போய்விடும்.

பிசின் வாங்குவதில் ஒரு பொறி உண்டு. கன்னடத்தில் கிரந்திகெ அங்கடி என்கிற மருந்துச் சரக்குக் கடையில் வெறுமனே பிசின் என்று கேட்டால் பாதாம் பிசினைக் கட்டிக் கொடுப்பார்கள். அது ஊறி ஜெல்லியாக உப்புமே தவிரக் கரையாது. ஜிகர்தண்டாவுக்கு ஆகும், ஓவியத்துக்கு ஆகாது. கருவேலம் பிசின் என்று பெயர் சொல்லிக் கேட்கவும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு மறுநாள் பார்த்தால் முழுதாகக் கரைந்திருக்க வேண்டும்.

50 கிராம் பிசினை இடித்து, 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துத் துணியில் வடிக்கவும். கொதிக்கவிடக் கூடாது. அதில் தேன் மூன்று தேக்கரண்டி, பூசணம் தடுக்கக் கிராம்பு எண்ணெய் மூன்று சொட்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை காற்று வறண்டிருக்கும்போது தேனை ஒரு கரண்டி கூட்டலாம், இல்லாவிட்டால் காயவைத்த வண்ண வில்லை வெடிக்கும். மழைக்காலத்தில் அதே அளவு தேன் பிசுபிசுத்து, படத்தின் மேல் வைத்த காகிதம் ஒட்டிக்கொள்ளும். அப்போது இரண்டு கரண்டி போதும்.

தூளைத் தண்ணீரில் தயிர் பதத்துக்குக் குழைத்த பிறகே பிசினைச் சேர்க்கவும். நேராகப் பிசினில் கொட்டினால் உருண்டை கட்டும். அளவு, கூழும் பிசின் கரைசலும் சம அளவில் தொடங்கி, கலவைக்குக் கலவை மாற்ற வேண்டியதுதான். நைசான களி அதிகம் குடிக்கும். காகிதத்தில் பூசி ஒரு நாள் முழுதாகக் காய்ந்த பின் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் பிசின் குறைவு. பளபளத்து, காகிதத்தை வளைத்தால் விரிசல் விட்டால் பிசின் அதிகம். துணியும் சுத்தம், மேற்பரப்பும் மங்கல் என்றால் அந்த விகிதத்தைப் புட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள், மண் எடுத்த இடத்தையும் ஆழத்தையும் சேர்த்து.

பிசினுக்குப் பதிலாக முட்டை மஞ்சள்கரு வேண்டுமானால் ஒரு கருவுக்கு அதே அளவு தண்ணீர், அந்தக் கலவைக்குச் சம அளவு நிறக் கூழ். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்கவும். ஆளிவிதை எண்ணெயில் இந்த மண் நிறைய எண்ணெய் குடிக்கும், காயவும் தாமதமாகும். வாசலில் கோலத்துக்குச் செம்மண் இடுகிற மாதிரிச் சுவர் வேலை என்றால் பிசினே வேண்டாம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தண்ணீரில் கரைத்த செங்காவியைப் பூசினால் சுண்ணாம்பு இறுகும்போது நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்புக் காவி காரத்தைத் தாங்கும். பூச்சு கையில் ஒட்டாத அளவுக்கு இறுகிவிட்டால் காலம் கடந்துவிட்டது, நிறம் மேலே தூசியாகத்தான் நிற்கும்.

வேலை முடிந்து வாளி கழுவிய தண்ணீரைக் குளியலறைத் துவாரத்தில் ஊற்ற வேண்டாம். களி வளைவுக் குழாயில் படிந்து சிமென்டு போல அடைக்கும். ஒரு பழைய டிரம்மில் ஊற்றி, படியவிட்டு, தெளிவைச் செடிக்கு விடவும். கழுவிய மணலைக் குயவர்களிடம் கொடுத்தால் களிமண்ணில் கலக்க எடுத்துக்கொள்வார்கள்.